வடுவூர் ஏரிக்கரை நடை

நீங்கள் நிற்பது ஏரியின் மண் கரை. மேடு பள்ளம் அதிகமில்லை. தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்தே நடக்கலாம்.

வயலுக்காகத் தேக்கிய தண்ணீர் இது; பறவைகள் பிறகு உரிமை கொண்டாடின. மேட்டூர் அணை திறந்தால் ஆற்று நீர் வரும், ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரி நிரம்பும், கோடையில் வற்றும். 1999இல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

வெள்ளையாக நிற்பதெல்லாம் கொக்கு என்று சொல்லிவிடாதீர்கள். அலகை மூடியும் நடுவே இடைவெளி தெரிகிறதா? அது நத்தைகுத்தி நாரை. நத்தையை அது உடைப்பதில்லை. கீழ் அலகின் நுனியை ஓட்டுக்குள் செலுத்தி, சதையை ஓட்டோடு பிணைக்கும் தசையை அறுத்து, முழுசாக உருவிவிடும். ஓடு பெரும்பாலும் சேதமின்றிக் கிடக்கும்; கரையோரம் தேடிப் பாருங்கள். குஞ்சுகளுக்கு அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும். நாற்றைக் கடிக்கும் நத்தைகளையும் தின்பதால் டெல்டா விவசாயிக்கு இது கூலி கேட்காத ஆள்.

வளைந்த கறுப்பு அலகு என்றால் அரிவாள் மூக்கன். கிளையில் சிறகு விரித்துக் காய்வது நீர்க்காகம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வாத்துகளும் வந்து சேரும்.

டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலையிலோ மாலை நான்கு மணிக்குப் பிறகோ வாருங்கள். கூடு மரங்களுக்கு அருகே கைதட்டுவதும் கல்லெறிவதும் வேண்டாம்: தாய்ப்பறவை எழுந்து பறந்தால் முட்டையைக் காகம் தூக்கிவிடும். மழை பெய்த மறுநாள் கரை வழுக்கும். பிள்ளைகளை நீர்ப்பக்கம் விடாமல் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.