தேறல் கலமும் களிம்பின் சான்றும்

செம்பும் வெள்ளீயமும் உருகி ஒன்றிய கலப்பு மாழையே வெண்கலம். தூய செம்பு 1085 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும்; வெள்ளீயம் சேரச்சேர உருகுநிலை தாழும்; காரீயமும் கூடினால் குழம்பு அச்சின் நுண்வரிகளிலும் தடையின்றிப் பாயும். சாங் காலச் சீனர் முன்னோர் வழிபாட்டுக்குரிய தேறல் கலங்களை வார்த்தது இக்கலவையிலேதான். அவர்கள் களிமண் அச்சைத் துண்டுகளாக அறுத்தெடுத்து, மீளப் பொருத்தி வார்த்தனர். துண்டுகள் கூடிய இடத்தில் மூட்டுவரி எஞ்சும். மெழுகை உருக்கி வெளியேற்றும் மெழுகச்சு முறையில் அவ்வரி தோன்றாது. நாஞ்சில் நாட்டு மணவீடுகளில் பிரதமன் காய்ச்சும் உருளி இவ்வகையினது.

2001இல் நியூயார்க் ஏலத்தில் ‘மின் பாங்லெய்’ என்னும் தேறல் கலத்தின் உடல் மட்டும் 92 நூறாயிரம் டாலருக்கு மேல் விலைபோயிற்று; ஹூனானில் இருந்த மூடியுடன் அது சேர்ந்தது 2014இல்தான். இத்துணை விலை பெறும் பொருளுக்குப் போலிகள் பெருகுவது இயல்பே. அவற்றைப் பிரித்தறிய முதற்சான்று களிம்பு. மண்ணுள் நெடுங்காலம் கிடந்த வெண்கலத்தில், மாழையை ஒட்டிச் செந்நிறப் படலமும், அதன்மேல் ஈரமும் கரியமிலவளியும் கூடி விளைத்த பச்சைப் படலமும் அடுக்காக வளரும். அரிப்பு மேற்பரப்போடு நில்லாது, மாழையின் நுண்மணிகளுக்கு இடையிலும் வேரோடும். காடியாலும் பசை குழைத்த பச்சை வண்ணத்தாலும் போலி செய்வோர் மேற்பூச்சைத் தரலாம். அவ்வேரோட்டத்தைத் தருதல் மிக அரிது. நுண்ணோக்கி இதைக் காட்டிவிடும்.

இரண்டாம் சான்று, வார்ப்பின்போது கலத்தின் கால்களுக்குள் சிக்கிய சுட்ட மண். சூளையில் சுட்ட நாள்தொட்டு அம்மண் தன்னுள் சேர்த்த கதிராற்றல், மீளச் சூடேற்றுகையில் மெல்லொளியாக வெளிப்படும். அவ்வொளியை அளந்து அகவை கணிப்பதை வெப்ப ஒளிர்வு முறை என்போம்.

நமக்கு அண்மையிலுள்ள ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்த வெண்கலக் கலங்களும், விலங்குருக்கள் நிற்கும் மூடிகளும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. எந்தத் தாழியருகே எப்பொருள் கிடந்தது என்னும் குறிப்போடு கிடைத்தவை என்பதால், வணிகர் கைமாறி வந்த எந்தக் கலத்தினும் அவற்றை நான் உயர்வாகக் கொள்வேன். நூறாண்டு கடந்த இத்தகைய பழம்பொருளைத் தனியார் அயல்நாட்டுக்கு விற்பதை இந்தியாவின் 1972ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டம் தடுக்கிறது.

நாள்தோறும் புழங்கும் கிண்டியைப் புளியிட்டுத் துலக்குவது முறையே. நிலத்தடியில் கிடைத்த கலத்தை அவ்வாறு துலக்கினால், செந்நிறமும் பச்சையும் வரிசையோடு சொல்லும் வரலாறு ஒரு நாழிகையில் கரைந்துபோகும். குளச்சல், முட்டம் போன்ற கடலோரங்களில் இன்னொரு தீங்கும் உண்டு. உப்பிலுள்ள குளோரின் களிம்புக்குள் புகுந்தால், ஈரம் படும்போதெல்லாம் வெளிர்பச்சைத் துகள் உதிர, கலம் உள்ளிருந்தே அரிபடும். ஆகவே அத்தகைய கலத்தைக் கழுவாது, உலர்ந்த காற்றில் வைத்துத் தொல்லியலாரிடம் சேர்ப்பித்தல் வேண்டும்.