யாருக்கு இந்த முறுக்கு?

கிள்ளானில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் இருக்கிறார். மலிவு விலை அடுக்குமாடியில் வசிக்கும் தனித்து வாழும் தாய்மார்கள் ஐவரைச் சேர்த்துக்கொண்டு முறுக்கு, அச்சு முறுக்கு, ஓமப்பொடி செய்து விற்கிறார். தீபாவளிக்கு முந்திய ஒரு மாதம் அடுப்பு அணையவே இல்லை. ஜனவரியில் போய்ப் பார்த்தேன். வரவேற்பறையில் 40 பாக்கெட்டுகள் அடுக்கியபடியே கிடந்தன. பிப்ரவரியில் ஐவரில் இருவர் துப்புரவு வேலைக்குப் போய்விட்டார்கள்.

"யாருக்குக்கா விக்கிறீங்க?"

"எல்லாருக்கும்தான் தம்பி. முறுக்கு பிடிக்காதவங்க யாரு?"

வானொலியில் இருப்பவனுக்கு இந்தப் பதில் புதிதல்ல. புதிதாகச் சேரும் அறிவிப்பாளரும் 'எல்லாருக்கும்'தான் பேசுவார். காலை 7 மணிக்குக் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் கேட்பவர் வேறு, பிற்பகல் 3 மணிக்குத் துணி மடித்துக்கொண்டே கேட்பவர் வேறு என்பது மண்டையில் ஏற எனக்கே ஓராண்டு பிடித்தது.

சமூக நோக்கத்தோடு தொழில் தொடங்குகிறவர்களுக்கு இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. பயன்பெறுபவர் ஒருவர், காசு கொடுத்து வாங்குபவர் இன்னொருவர். அக்காவின் பாக்கெட்டில் தாய்மார்களின் கதை அழகாக அச்சாகியிருந்தது. அதைப் படித்து நெகிழ்ந்து முதல் பாக்கெட்டை வாங்குவார்கள், நானும் வாங்கினேன். இரண்டாவது பாக்கெட்டை வாங்க வைப்பது வாங்குபவரின் தேவைதான்.

கோலாலம்பூரின் பிச்சாஈட்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் நம் காதில் வேறு மாதிரி விழும். உண்மையில் அது மியன்மாரிலிருந்து வந்த குடும்பத்துச் சிறுவன் ஒருவனின் பெயர். அகதிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் போன பல்கலைக்கழக மாணவிகள் மூவர் 2016-இல் தொடங்கிய நிறுவனம் இது. பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போவதைப் பார்த்தவர்கள், பெற்றோருக்கு வருமானம் வந்தால்தான் இது நிற்கும் என்று நினைத்தார்கள். 1951ஆம் ஆண்டு அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை. அதனால் அகதிகள் சட்டப்படி வேலைக்குப் போக வழியில்லை. கைவசம் இருந்தது சமையல்.

குடும்பங்கள் வீட்டிலேயே சமைத்தன. சாப்பாட்டை வாங்க அவர்கள் முக்கியமாக நம்பியது அலுவலகங்களை. இது எவ்வளவு சரியான தேர்வு என்பது ஒரு வீட்டு அடுப்பங்கரையை நினைத்துப் பார்த்தால் புரியும். அலுவலகக் கூட்டத்துக்குச் சாப்பாடு என்றால் முன்கூட்டியே சொல்வார்கள். எத்தனை பேர் என்பது தெரியும். பிடித்துப்போனால் அடுத்த கூட்டத்துக்கும் அழைப்பார்கள். இரண்டு அடுப்பு வைத்திருக்கும் ஒரு தாய் இதைச் சமாளிப்பார். மதியம் 12.40-க்கு ஒரு தட்டு, 12.50-க்கு இன்னொரு தட்டு என்று வந்தால் திணறிப்போவார். கைக்குழந்தையை விட்டுவிட்டு எங்கும் போகவும் தேவையில்லை.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அலுவலகங்கள் மூடின, விருந்துகளும் நின்றன. ஒரே வகை வாடிக்கையாளரை நம்பியிருப்பதன் ஆபத்து அப்போது தெரிந்தது. வீடுகளுக்கு உணவு அனுப்பும் பக்கம் திரும்ப வேண்டியதாயிற்று.

உணவு வண்டியாகத் தொடங்கிய மசாலா வீல்ஸ் பிடித்தது வேறு வழி. பின்தங்கிய சூழலில் இருக்கும் இளைஞர்களுக்குப் பயிற்சி தருவது அவர்கள் நோக்கம். வண்டியில் நின்று வாடிக்கையாளரின் முகம் பார்த்து ஆர்டர் எடுப்பதே அந்த இளைஞர்களுக்குப் பாதிப் பயிற்சி. விற்கும் வழி என்பது வாங்குபவருக்கு மட்டும் பொருந்தினால் போதாது, உழைப்பவருக்கும் பொருந்த வேண்டும்.

அக்காவோடு உட்கார்ந்து ஒரு பாக்கெட்டுக்குக் கணக்குப் போட்டோம். விற்கும் விலை 6 ரிங்கிட். மாவு, எண்ணெய், எரிவாயு, உறை எல்லாம் 2 ரிங்கிட் 40 சென். கூலி 2 ரிங்கிட். மிச்சம் 1 ரிங்கிட் 60 சென். மினி மார்க்கெட்டில் வைத்தால் கடைக்காரருக்கு 25 விழுக்காடு, அதாவது 1 ரிங்கிட் 50 சென். அந்தப் பணமும் விற்ற பிறகு, பல வாரம் கழித்துத்தான் கைக்கு வரும். உணவு விநியோகச் செயலி 30 விழுக்காடு கேட்டால் 1 ரிங்கிட் 80 சென் போய்விடும். அந்த 20 சென் பற்றாக்குறையை எங்கே குறைப்பது? எண்ணெய்க்காரரிடம் குறைக்க முடியாது. அந்தத் தாய்மார்களின் கூலியில்தான் கை வைக்க வேண்டிவரும். அக்கா அந்தத் தாளையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவரே சொன்னார்: "கல்யாண வீட்டுக்குக் கேக்கலாமா தம்பி? தாம்பூலப் பையில சின்னப் பாக்கெட்டாப் போட்டா?"

நான் உடனே இன்ஸ்டாகிராம் விளம்பரம் என்று ஆரம்பித்தேன். ஊடகம் படித்தவனின் புத்தி! அக்கா சிரித்தார். கல்யாண வீட்டில் பையில் என்ன போடுவது என்று தீர்மானிப்பது மணப்பெண்ணின் அம்மாவோ சித்தியோ. அவர்கள் முதலில் போய் உட்காருவது மண்டப அலங்காரக்காரரிடமும் சாப்பாட்டு ஏற்பாட்டாளரிடமும். சரக்கு தெரிய வேண்டிய இடம் அவர்களுடைய மேசை.

இப்போது அப்படி இரண்டு மேசைகளில் அக்காவின் மாதிரிப் பாக்கெட்டுகள் இருக்கின்றன. ஆர்டர் கொண்டுவந்தால் பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று அவர்களுக்கும் ஒரு சிறு பங்கு. பாதிப் பணம் முன்கூட்டியே வந்தால்தான் மாவு பிசைவது. அலுவலகங்களையும் கேட்டுப் பார்த்தார். வாங்கியது ஒன்று, அதுவும் ஒரே ஒருமுறை. கல்யாணம் இல்லாத ஆடி மாதத்துக்கு என்ன செய்வது என்பதற்கு இன்னும் விடை இல்லை.

போன வாரம் அக்காவிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல்பதிவு வந்தது. ஜூன் முதல் வாரத்துக்கு 350 சின்னப் பாக்கெட்டுகள், முன்பணமும் வந்துவிட்டதாம். துப்புரவு வேலைக்குப் போன இருவரில் ஒருவர், திரும்பி வரலாமா என்று கேட்டிருக்கிறார்.

"ஜூன் முடியட்டும்மா, சொல்றேன்னு சொல்லியிருக்கேன்" என்றார்.