ஷாட்டோ டிக்கெம்

ஷாட்டோ டிக்கெம் என்பது பிரான்சின் தென்மேற்கில், போர்தோ நகருக்குத் தெற்கே சோத்தெர்ன் பகுதியில் உள்ள பழமையான திராட்சைப் பண்ணையாகும். இங்கு உருவாகும் இனிப்பு வெள்ளை வைன் உலகின் மிகச் சிறந்த வைன்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. 1855இல் பாரிசுக் கண்காட்சிக்காகப் போர்தோ வைன்கள் தரப்படுத்தப்பட்டபோது, சோத்தெர்ன் வட்டாரத்தில் இந்தப் பண்ணைக்கு மட்டும் மற்றவற்றுக்கு மேலான தனித் தகுதி தரப்பட்டது.

பூஞ்சையின் பங்கு

இந்த வைனின் இனிப்புக்குக் காரணம் 'பொட்ரைட்டிசு சினெரியா' என்னும் பூஞ்சை. தக்காளியையும் ஸ்ட்ராபெரியையும் அழுகவைத்து உழவருக்கு இழப்பை உண்டாக்கும் அதே பூஞ்சைதான். சோத்தெர்னில் நிலைமை வேறு. குளிர்ந்த சிரோன் ஆறு சற்று வெப்பமான கரோன் ஆற்றுடன் கலப்பதால் இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழுகிறது. அந்த ஈரத்தில் பூஞ்சை வளர்கிறது. பிற்பகல் வெயில் அதைக் கட்டுக்குள் வைக்கிறது. பூஞ்சை பழத்தோலில் நுண்ணிய துளைகளை உண்டாக்க, நீர் ஆவியாகிப் பழம் சுருங்குகிறது. சர்க்கரையும் அமிலமும் செறிவடைகின்றன. புதிய மணங்களும் சேர்கின்றன. வெயில் வராமல் மழை நீடித்தால் மட்டும் இது வழக்கமான அழுகலாகவே முடியும்.

ஒரே கொத்தில்கூடப் பழங்கள் ஒரே நாளில் இந்நிலையை அடைவதில்லை. எனவே பறிப்போர் பல வாரங்களில் பலமுறை தோட்டத்தைச் சுற்றிவந்து, சுருங்கிய பழங்களை மட்டும் கையால் தேர்ந்து பறிக்கின்றனர். ஒரு கொடியிலிருந்து ஏறத்தாழ ஒரு கோப்பை வைனே கிடைக்கும் என்பது வழக்கமான கணக்கு. விலை உயர்வுக்கு இதுவே முதன்மைக் காரணம். புகழ் அதற்கு அடுத்ததுதான்.

பயன்படுத்தப்படுபவை செமியோன், சோவிஞோன் பிளாங் ஆகிய இரு திராட்சை வகைகள். சாற்றின் சர்க்கரை மிக அதிகமாக இருப்பதால் நொதிகளால் அதை முழுவதும் ஆல்ககாலாக மாற்ற இயலாது, எஞ்சுவதே இனிப்பு. பின்னர் ஓக் மரப் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் முதிர்கிறது. புட்டியில் பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கும். பொன்னிறம் மெல்லத் தேன்நிறமாக மாறும். 1811ஆம் ஆண்டு வைன் புட்டி ஒன்று 2011இல் 75,000 பவுண்டுக்கு விற்பனையானது.

வைன் வெளிவராத ஆண்டுகள்

விளைச்சல் தரமற்றதாக இருந்தால் அவ்வாண்டு டிக்கெம் பெயரில் வைனே வெளியிடுவதில்லை. 20ஆம் நூற்றாண்டில் 1910, 1915, 1930, 1951, 1952, 1964, 1972, 1974, 1992 ஆகிய ஆண்டுகளும், அதன்பின் 2012உம் இவ்வாறு விடுபட்டன. ஓராண்டு வருமானத்தை இழக்கும் இம்முடிவை எளிதானது என்று சொல்ல முடியாது.

வரலாறு

இடைக்காலத்தில் இந்நிலம் அக்கித்தேன் கோமகன்கள் என்ற முறையில் இங்கிலாந்து மன்னர்களுக்கு உரியதாக இருந்தது. 1593இல் சோவாஜ் குடும்பத்திடம் வந்தது. அக்குடும்பத்தைச் சேர்ந்த பிரான்சுவாஸ் ஜோசஃபின் 1785இல் லூர்-சாலூஸ் பிரபுவை மணந்தார். மூன்றாண்டுகளில் கணவரை இழந்தார். பிரெஞ்சுப் புரட்சியின்போது சிறைப்பட்டும் அவர் பண்ணையைக் கைவிடவில்லை. அதன் பெருமை வளர்ந்ததில் அவர் பங்கு பெரிது. அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் 1784ஆம் ஆண்டு வைனை வாங்கினார். பின்னர் ஜார்ஜ் வாஷிங்டனுக்காகவும் தருவித்தார்.

லூர்-சாலூஸ் குடும்பத்தின் இரு நூற்றாண்டு உரிமை, உறவினரிடையே பல ஆண்டுகள் நீடித்த பூசலுக்குப் பின் 1990களின் இறுதியில் எல்விஎம்எச் நிறுவனத்திடம் சென்றது. நிர்வாகத்தில் நீடித்த அலெக்சாண்டர் த லூர்-சாலூஸ் 2004இல் விலகினார்.