முதுமையில் குருதி உறைதலும் குருதிக்குழாய் நலமும்

வயது கூடும்போது குருதி உறையும் தன்மையும் குருதிக்குழாய்ச் சுவர்களின் அமைப்பும் மாறுகின்றன. மாரடைப்பு, பக்கவாதம், காலின் ஆழ்சிரைகளில் தோன்றும் உறைகட்டி ஆகியவை முதியோரிடம் மிகுதியாகக் காணப்படுவதற்கு இம்மாற்றங்கள் முக்கியக் காரணமாகும்.

குருதிக்குழாய்களில் மாற்றம்

இளமையில் தமனிச் சுவர் மீள்தன்மை உடையது. காலப்போக்கில் அதிலுள்ள எலாஸ்டின் இழைகள் சிதைந்து, கொலாஜன் மிகுவதால் சுவர் விறைக்கிறது. இரத்த அழுத்தத்தின் மேல் அளவு உயர்கிறது. குழாயின் உட்படலம் வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடும் குறைகிறது. குழாயை விரியச் செய்வதுடன், தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமல் காப்பதும் இவ்வாயுவே.

குருதியில் மாற்றம்

ஃபைப்ரினோஜன், எட்டாம் காரணி, வான் வில்லிபிராண்ட் காரணி ஆகியவற்றின் அளவு வயதுடன் உயர்கிறது. உறைகட்டி கரைவதைத் தடுக்கும் பிஏஐ-1 என்னும் புரதமும் கூடுகிறது. எனவே கட்டி எளிதில் தோன்றி, மெதுவாகவே கரைகிறது. சிரை உறைகட்டி இளவயதினரில் ஆண்டுக்குச் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கும், மிக முதியோரில் சுமார் 100 பேரில் ஒருவருக்கும் ஏற்படுகிறது.

செஞ்சி மலையேற்றம்

விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சிக் கோட்டையின் இராஜகிரி சுமார் 240 மீட்டர் உயரமுடையது. உச்சிக்குப் படியேறியே செல்ல வேண்டும். விறைத்த தமனிகளுக்குள் குருதியைத் தள்ள முதியவரின் இதயம் கூடுதலாக உழைக்கிறது. வெயிலில் வியர்த்து உடலில் நீர் குறைந்தால் குருதி அடர்த்தியாகிறது. ஆகவே முதியோர் காலையிலேயே ஏறத் தொடங்கி, இடையிடையே அமர்ந்து நீர் அருந்துவது நல்லது. நெஞ்சில் இறுக்கமோ கடும் மூச்சுத்திணறலோ வந்தால் ஏறுவதை உடனே நிறுத்த வேண்டும். அதேவேளை, சமதளத்தில் அன்றாடம் நடப்பது நன்மை தரும். கெண்டைக்கால் தசை சுருங்கும்போதெல்லாம் சிரைக் குருதி இதயத்தை நோக்கித் தள்ளப்படுகிறது.

தடுப்பும் சிகிச்சையும்

உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, புகையிலைப் பழக்கம் ஆகியவை இப்பாதிப்பை விரைவுபடுத்துகின்றன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் முதல் இரண்டிற்கும் வீட்டிற்கே மருந்து வழங்கப்படுகிறது. வாய் கோணல், ஒரு பக்கக் கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டியிருப்பதால், உடனே 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். முதுமையில் குருதிக்கசிவு அபாயமும் கூடுவதால், மருத்துவர் அறிவுரையின்றி ஆஸ்பிரின் உட்கொள்ளக் கூடாது.