அதிமதுரம் அதிகமானால் ரத்த அழுத்தம் ஏறுவது ஏன்?

அதிமதுர வேரின் இனிப்புக்குக் காரணம் அதிலுள்ள கிளிசிரைசின். இது சர்க்கரையைவிட 30 முதல் 50 மடங்கு இனிப்பானது. வேரை மென்றாலும் கஷாயமாகக் குடித்தாலும், குடல் பாக்டீரியாக்கள் கிளிசிரைசினை உடைத்துக் கிளிசிரெட்டினிக் அமிலமாக்குகின்றன. ரத்தத்தில் கலக்கும் இந்த அமிலம் சிறுநீரகத்திலுள்ள ஒரு நொதியைத் தடுக்கிறது.

கார்டிசோல் ஹார்மோனைச் செயலற்ற கார்டிசோனாக மாற்றுவதே அந்த நொதியின் வேலை. சிறுநீரகத்தில் உப்பைத் தக்கவைக்கும் ஏற்பிகள் ஆல்டோஸ்டீரோன் ஹார்மோனுக்கு உரியவை. ஆனால் கார்டிசோலும் அவற்றில் அதே உறுதியுடன் பொருந்தும். ரத்தத்தில் அதன் அளவோ ஆல்டோஸ்டீரோனைப்போல் 100 மடங்குக்கும் மேல். நொதி முடங்கினால் கார்டிசோல் அந்த ஏற்பிகளைப் பிடித்துக்கொள்கிறது. சோடியமும் நீரும் உடலில் தங்குகின்றன. பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறுகிறது. இதனால் ரத்த அழுத்தம் ஏறுகிறது, கால் வீங்குகிறது, தசை தளர்கிறது. சிலருக்கு இதயத் துடிப்பும் சீர்கெடுகிறது.

1946இல் நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸ், வயிற்றுப்புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்த நோயாளிகள் சிலரிடம் இந்த வீக்கத்தைப் பதிவுசெய்தார். ஒரு நாளைக்கு கிளிசிரைசின் 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு தந்த பரிந்துரை. அதிமதுரத்தை நிறுத்தினால் சில வாரங்களில் நொதி மீண்டும் இயங்கி, உப்புச் சமநிலை திரும்புகிறது.