கதவோரத்துப் பாட்டி

டில்லிக் குளிரைப் பற்றிச் சென்னையிலிருக்கும் என் தங்கையிடம் சொன்னால் சிரிப்பாள். "ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டா சரியாப் போச்சு, என்னக்கா இதுக்குப் போய்!" என்பாள். ஜனவரியில் 3, 4 டிகிரிக்கு இறங்கிவிடும் இரவுகளில், கதவைச் சாத்தி ரஜாயைப் போர்த்திக்கொண்டு படுத்தாலே விரல் நுனி மரத்துப் போகிறது. நடைபாதையில் படுப்பவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி டில்லியில் வீடில்லாதவர்கள் சுமார் 47,000 பேர். 2010-ல் சுப்ரீம் கோர்ட் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் இவர்களுக்கான இரவுத் தங்குமிடங்கள் பெருகின. 'ரைன் பசேரா' என்பார்கள். குளிர்காலத்தில் கூடாரங்களும் போடுவார்கள். எய்ம்ஸ் ஆஸ்பத்திரிப் பக்கத்துக் கூடாரங்களில் தெருவாசிகளோடு, வெளியூரிலிருந்து வைத்தியத்துக்கு வந்து, அறை எடுக்கப் பணமில்லாத குடும்பங்களும் படுப்பதுண்டு.

ஆர்.கே. புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸ் பெண்கள் நாலு பேர், சனிக்கிழமை இரவுகளில் அப்படியொரு கூடாரத்துக்கு டீயும் கிச்சடியும் கொண்டு போவோம். உண்மையைச் சொல்கிறேனே, முதலில் எனக்குப் பயம்தான். கைப்பையை மார்போடு அணைத்தபடியே நடப்பேன். அதைக் கவனித்த ஒரு பாட்டி, "பையை என்கிட்டே குடு பிட்டியா. ஒரு கையால எப்படிப் பரிமாறுவே?" என்று வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். போகும்போது, "எண்ணிப் பார்த்துக்கோ" என்று திருப்பிக் கொடுத்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை!

ஜான்ஸிப் பக்கத்துக்காரி. பழைய பாட்டில், அட்டை பொறுக்கி விற்பாள். கூடாரத்தின் நடுவில், காற்றுப் படாத இடம் அவளுடையது. புதிதாக வருகிறவர்களுக்கு அவள் முதலில் கொடுப்பது அட்டையும் பழைய பேப்பரும்தான். "மேலே எத்தனை போர்த்தினாலும் குளிர் தரையிலேர்ந்து ஏறும். முதல்ல கீழே விரி" என்பாள். நாங்களோ போர்வையாகச் சேர்த்துக்கொண்டிருந்தோம்!

ஓர் இரவு பத்து மணிக்கு பீகாரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். பெரிய பையனுக்கு இருதயக் கோளாறு. இடுப்பில் நாற்பது நாள் கைக்குழந்தை. கூடாரத்தில் இடமே இல்லை. பாட்டி எழுந்து, "இங்கே படுங்க" என்று தன் இடத்தைக் காட்டிவிட்டுக் கதவோரம் போய்விட்டாள்.

சற்று நேரத்தில் அந்தத் தாய் பதறினாள். குழந்தை பால் குடிக்கவில்லை, அழவுமில்லை. தொட்டுப் பார்த்தேன். வயிறுகூட ஜில்லென்று இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெளியே காவல்காரர் குளிர் காய்ந்துகொண்டிருந்த கரி அடுப்பை உள்ளே இழுத்து வரப் போனேன். பாட்டி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "உனக்கென்ன பைத்தியமா? எல்லாரும் தூக்கத்திலேயே போயிடுவோம்!"

அவள் சொன்னது சரி. மூடிய இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. ஊட்டி, கொடைக்கானலில் குளிருக்குக் குமுட்டி அடுப்பைப் படுக்கையறையில் வைக்கும் சகோதரிகளே, தயவுசெய்து வேண்டாம்.

பாட்டி குழந்தையின் ஈரத் துணியை உருவி எறிந்தாள். தாயின் ரவிக்கையை அவிழ்க்கச் சொல்லி, குழந்தையை வெறும் மார்போடு சேர்த்து வைத்து, தன் ஒரே கம்பளியால் இருவரையும் சுற்றினாள். யாரோடும் ஒட்டாமல், எப்போதும் முறைத்துக்கொண்டு மூலையில் கிடக்கும் ஓர் இளைஞன், தன் கம்பளிக் குல்லாயைக் கழற்றிக் குழந்தையின் தலையில் மாட்டினான். அப்படியே எதிரே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"மார்போட அணைச்சு எடுத்து வந்தது ரொம்ப நல்லது" என்றார் டாக்டர். எடை குறைந்த குழந்தைகளுக்குத் தாயின் உடற்சூடே இன்குபேட்டர் என்று, 1978-ல் கொலம்பியா நாட்டின் போகோட்டா நகர டாக்டர்கள் தொடங்கிய முறையாம் இது. 'கங்காரு' முறை என்று பெயர். ஆனால் உடல் சில்லிட்டு, பால் குடிக்காமல் துவளும் குழந்தையை வீட்டிலேயே வைத்துப் பார்க்கக் கூடாது. அணைத்தபடியே உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை குழந்தை கூடாரத்தின் நடுவில் காலை உதைத்துக்கொண்டிருந்தது. பாட்டி கதவோரத்தில்தான். அவளுக்கென்று புது ரஜாய் ஒன்று வாங்கிப் போயிருந்தேன். மறு வாரம் போனால், அது வேறொருத்தி மேல் கிடக்கிறது! எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாட்டி, அது உங்களுக்குன்னு வாங்கினது."

"ராத்திரி பூரா அவ இருமிக்கிட்டே இருந்தா பிட்டியா, எனக்கும் தூக்கமில்லே. அதைப் போர்த்தினேன். ரெண்டு பேரும் தூங்கினோம்" என்றவள், என் கைப்பைக்காகக் கையை நீட்டினாள்.