மானியப் பிழைக்குப் பிடித்தம் முடிவாகும் முறை

ஐரோப்பிய ஒன்றியத்தின் வேளாண் நேரடி மானியத்தை உறுப்பு நாட்டின் பட்டுவாடா முகமை முதலில் உழவர்களுக்கு வழங்கிவிடுகிறது. அந்தச் செலவை ஐரோப்பிய ஆணையம் மாதந்தோறும் ஈடு செய்கிறது. விதிக்குப் புறம்பாக வழங்கப்பட்டது எனத் தெரிந்தால், நாட்டுக்குத் தரும் அந்த ஈட்டுத்தொகையில் ஆணையம் பிடித்துக்கொள்ளும். பிடித்தத்துக்கு முன் கடக்க வேண்டிய படிகளை, 2023-இல் புதிய விதி வரும்வரை, 2013-ஆம் ஆண்டின் 1306 எண் ஒழுங்குவிதியும் அதன் துணைவிதிகளும் வகுத்தன; கீழே சொல்வது அந்த முறை.

முதற்படி தணிக்கை. ஆணையத்தின் தணிக்கையாளர்கள் நாட்டுக்கே வந்து நிலப் பதிவேட்டைப் பரிசோதிக்கிறார்கள். அதில் ஒவ்வொரு நிலத்துண்டும் வரைபடத்தில் எல்லையிடப்பட்டிருக்கும். 2016 முதல் வரைபடத் துல்லியம் 1:5,000 அளவுக்குக் குறையக் கூடாது. உழவர் கோரிய பரப்புக்குள் பாறை, கொட்டகை, பாதை ஏதேனும் விழுகிறதா, எல்லைக்கோடு அதை ஒதுக்கியிருக்கிறதா என்று வான்வழிப் படத்தோடு ஒப்பிடுவார்கள். ஐயமான துண்டுகளை நேரில் போய்ப் பார்ப்பார்கள்.

குறை தென்பட்டால் ஆணையம் எழுத்து மூலம் தெரிவிக்கிறது. இக்கடிதத்தின் தேதிதான் முழு வழக்குக்கும் முளைக்குச்சி: அதற்கு 24 மாதங்களுக்கு முந்தைய செலவில் பொதுவாகக் கை வைக்க முடியாது. நாடு 2 மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அந்தக் கெடு முடிந்த 4 மாதத்துக்குள் இருதரப்புக் கூட்டம். ஆணையம் எல்லாப் பிழைகளையும் மெய்ப்பிக்கத் தேவையில்லை. நியாயமான, வலுவான ஐயத்தை எழுப்பினால் போதும். அதன்பின் ஆதாரம் காட்டும் சுமை நாட்டைச் சேரும். ஆவணங்கள் நாட்டின் கையில்தான் இருக்கின்றன என்பதால் இது பொருத்தமான ஏற்பாடே.

அடுத்தது தொகை. தவறாகப் போன பணத்தைத் துல்லியமாகக் கணக்கிட முடிந்தால் அதுவே பிடித்தம். முடியாதபோது கண்காணிப்பின் தரத்தை வைத்துச் சதவீதம் நிர்ணயிக்கப்படும். துணைநிலைச் சோதனைகள் மட்டும் பிசகினால் 2 சதவீதம். முக்கியச் சோதனை நடந்தும் உரிய எண்ணிக்கையிலோ கண்டிப்பிலோ நடக்காவிட்டால் 5. அது நடக்கவே இல்லையென்றால் 10. முறையே சீர்குலைந்திருந்தால் 25, அதற்கு மேலும் போகலாம்.

உடன்பாடு இல்லாத நாடு 30 வேலை நாட்களுக்குள் ஐவர் கொண்ட சமரசக் குழுவை அணுகலாம். பொதுவாகத் தொகை 10 லட்சம் யூரோவைத் தாண்ட வேண்டும். கொள்கைப் பிரச்சினையானால் விலக்கு உண்டு. குழுவுக்கு 4 மாத அவகாசம். அதன் கருத்து ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. பிறகு ஆணையத்தின் முடிவு அதிகாரபூர்வ இதழில் வெளியாகும்.

எஞ்சுவது லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம். வழக்குத் தொடர 2 மாதமும், தொலைவுக்கென 10 நாளும் கெடு. கிரேக்கம் கடைசிப் படி வரை போனது. ஆடுகள் மேயும் புதர்க்காடுகள் மேய்ச்சல் நிலமல்ல என்று கருதி 2015-இல் ஆணையம் 25 சதவீதம் பிடித்தது. அக்காலத்து வரையறை புல்லையும் அதுபோன்ற தீவனப் பயிர்களையுமே குறிப்பிட்டது என்பது அதன் வாதம். வழிவழியாக அங்கே மேய்ச்சல் நடக்கிறது என்றது கிரேக்கம். 2018-இல் அதன் முதல்நிலையான பொது நீதிமன்றம் கிரேக்கத்தின் வாதத்தை ஏற்கவில்லை. சட்டக் கேள்விகளுக்கு மட்டுமான மேல்முறையீட்டில், 13 பிப்ரவரி 2020 அன்று மேல்நிலை நீதிமன்றம் தாவர வகையை விட்டு நிலத்தின் உண்மையான வேளாண் பயன்பாட்டை அளவுகோலாக எடுத்தது. மேய்ச்சல் நிலங்களுக்கான அந்த 25 சதவீதப் பிடித்தம் ரத்தாயிற்று.